மேம்பட்ட கணிமை வளர்ச்சி மையம்

மேம்பட்ட கணிமை வளர்ச்சி மையம் (பரவலாக சி-டாக்) என்பது இந்திய நடுவண் அரசின் மின்னணுவியல், தகவல் தொழினுட்ப அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஆய்வு, வளர்ச்சி நிறுவனம் ஆகும். இதன் தலைமையகம் மகாராட்டிர மாநிலம் புனேயில் உள்ளது. இந்தியாவிலேயே ஒரு மீத்திறன் கணினியை உருவாக்க வேண்டும் என்ற நோக்கத்துடன் 1988 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட இம்மையம், 1991 இல் பரம் 8000 என்ற கணினியை வெளியிட்டது. 2013 இல் வெள்ளி விழாக் கண்டது. இந்திய மொழிகளைக் கணினியில் எழுதவும் படிக்கவும் உதவும் தொழினுட்பங்களும் இங்கு உருவாயின. தமிழ் ஒருங்குறியின் இன்றைய அமைப்புக்கு மூலமான இஸ்கி குறியேற்றத்துடன் இம்மையத்தின் பெயர் பிணைந்துள்ளது.

2022 இல் திருச்சிராப்பள்ளி தேசிய தொழினுட்பக் கழகத்தில் இம்மையம் நிறுவிய பரம் பொருள், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களுக்கு மிக அண்மையில் உள்ள தேசிய மீத்திறன் கணினி ஆகும். மானாவாரி வேளாண்மையை நம்பியுள்ள இவ்விரு மாவட்டங்களுக்கும் மீத்திறன் கணினிகளுக்கும் உள்ள தொடர்பு, வானிலை முன்கணிப்பு வழியாக அமைகிறது. அதனைக் கீழே தனிப்பகுதியில் காண்க.

பெயர்

மையத்தின் பெயருக்குத் தமிழில் ஒரே நிலைத்த வடிவம் இல்லை. உயர்கணினி மேம்பாட்டு மையம், முன்னேறிய கணினியியல் மையம் எனப் பலவாறு எழுதுவர். நாளிதழ்களில் சி-டாக் என்ற சுருக்கமே மிகுதியாக வழங்குகிறது.

இம்மையத்தின் கணினிகளுக்குப் பொதுப்பெயர் பரம். இது 'மேலான' எனப் பொருள்படும் வடசொல். இணை இயந்திரம் என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தொடரின் சுருக்கமாகவும் இது அமைந்துள்ளது. பரம் என்ற முன்னொட்டுடன் இடத்துக்கேற்ற ஒரு சொல்லைச் சேர்த்து ஒவ்வொரு கணினிக்கும் பெயரிடுவது அண்மைக்கால வழக்கம். காசியில் உள்ளது பரம் சிவாய். திருச்சியில் உள்ளது பரம் பொருள். இடைவெளியை நீக்கிப் படித்தால் இறைவனைக் குறிக்கும் பரம்பொருள் என்ற சொல் கிடைக்கும். இந்நயம் தமிழறிந்தோருக்கு மட்டுமே புலப்படும்.

பின்னணி

1980களின் நடுப்பகுதியில் மீத்திறன் கணினி என்றால் அமெரிக்காவின் கிரே நிறுவனக் கணினி என்றே பொருள். வானிலைக் கணிப்பு, விமான வடிவமைப்பு, எண்ணெய் வளத் தேடல் ஆகியவற்றுக்குப் பயன்படும் அதே கணினி அணு ஆயுத வடிவமைப்புக்கும் ஏவுகணை ஆய்வுக்கும் பயன்படும். ஆகவே இவற்றின் ஏற்றுமதியை அமெரிக்க அரசு கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு கிரே எக்ஸ்-எம்பி வகைக் கணினி ஒன்றை வாங்க இந்தியா விரும்பியது. இரண்டு செயலிகள் கொண்ட அக்கணினியைத் தர அமெரிக்கா இசையவில்லை.

இதனைக் கொண்டு, 'அமெரிக்கா மறுத்தது, இந்தியா தானே செய்து காட்டியது' என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. அது முழு உண்மை ஆகாது. ஒரு செயலி கொண்ட சிறிய வகையான எக்ஸ்-எம்பி/14 ஐ, வானிலைப் பணிக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற கட்டுப்பாட்டுடன் தர அமெரிக்கா ஒப்புக்கொண்டது. புது தில்லியில் 1988 இல் தொடங்கப்பட்ட தேசிய நடுத்தர எல்லை வானிலை முன்கணிப்பு மையத்தில் அக்கணினி நிறுவப்பட்டது. ஆக, ஒரே மறுப்பிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. ஒன்று, வெளிநாட்டுக் கணினியைக் கொண்டு மழையைக் கணித்தல். மற்றொன்று, சொந்தக் கணினியைக் கட்டுதல். இவ்விரு வழிகளும் பல்லாண்டுகள் தனித்தனியாகவே சென்றன என்பது இம்மையத்தின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இன்றியமையாதது.

அக்காலத்தில் இணைக் கணினி ஆய்வில் சி-டாக் மட்டும் ஈடுபட்டிருக்கவில்லை. பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகம் 1986 ஆம் ஆண்டளவிலேயே புளோசால்வர் என்ற இணைக் கணினியைச் செய்திருந்தது. பாபா அணு ஆராய்ச்சி மையம் அனுபம் வரிசையையும், பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் ஐதராபாத் ஆய்வகம் பேஸ் என்ற கணினியையும் உருவாக்கின. புகழ் முழுவதும் பரம் கணினிக்கே சென்றதால் இம்முயற்சிகள் பொதுமக்களால் அதிகம் அறியப்படவில்லை.

தோற்றமும் பரம் 8000-உம்

அன்றைய மின்னணுவியல் துறையின் கீழ் ஓர் அறிவியல் சங்கமாக 1988 இல் மையம் பதிவு செய்யப்பட்டது. முனைவர் விஜய் பட்கர் அதன் முதல் செயல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். புனே பல்கலைக்கழக வளாகத்தில் பணி தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் நொடிக்கு 100 கோடி மிதவைப்புள்ளிக் கணக்குகளைச் (1 கிகாபிளாப்சு) செய்யும் கணினி ஒன்றை உருவாக்க வேண்டும் என்பது இலக்கு.

கிரே கணினியைப் போல மிக விரைவான ஒற்றைச் செயலியைச் செய்வதற்கான சில்லுத் தொழிலகம் இந்தியாவில் இல்லை. எனவே, சந்தையில் கிடைக்கும் சிறிய செயலிகள் பலவற்றை ஒன்றாகப் பிணைத்து வேலை வாங்குவது என்று முடிவு செய்யப்பட்டது. இம்முறை இணைச் செயலாக்கம் எனப்படும். இதனை நாற்று நடவோடு ஒப்பிடலாம். ஒரு வயலை ஒருவரே நட்டால் பல நாட்களாகும். அறுபது பேர் இறங்கினால் ஒரு காலையில் முடியும். ஆனால் வரப்பைப் பிரித்துக்கொடுக்க வேண்டும், நாற்றுக்கட்டு வந்து சேரவேண்டும், ஒருவர் முடிக்காமல் அடுத்தவர் நகர முடியாத இடங்களும் இருக்கும். ஆட்கள் கூடக்கூட வேலை நேரத்தை விடக் காத்திருக்கும் நேரம் மிகுந்துவிடலாம். இணைக் கணினியிலும் இதே சிக்கல்தான். செயலிகளை வாங்கிவிடலாம். அவை தம்முள் செய்தி பரிமாறும் வலையமைப்பும், வேலையைப் பங்கிட்டுத் தரும் மென்பொருளுமே கடினமானவை.

பிரித்தானியாவின் இன்மோசு நிறுவனம் தயாரித்த டி800 டிரான்சிபியூட்டர் என்ற சில்லு இதற்குப் பொருத்தமாக அமைந்தது. ஒவ்வொரு சில்லிலும் அண்டைச் சில்லுகளுடன் நேரடியாகப் பேசுவதற்கு நான்கு இணைப்புகள் இருந்தன. இத்தகைய சில்லுகளை வலை போலக் கோத்து, ஒவ்வொன்றுக்கும் தனி நினைவகம் கொடுத்து பரம் 8000 கட்டப்பட்டது. இணை நிரல்களை எழுதவும் பிழை நீக்கவும் வேண்டிய மென்பொருள் சூழல் மையத்திலேயே எழுதப்பட்டது.

பரம் 8000 குறித்த கெடுவுக்குள், 1991 இல் வெளியிடப்பட்டது. அரசுத் திட்டம் ஒன்று சொன்ன காலத்தில் முடிந்தது என்பதே அன்று பெருஞ்செய்தி. உருசியாவின் மாசுகோவில் உள்ள கணினிவழி வடிவமைப்பு நிறுவனம் ஒன்றிலும் இக்கணினி நிறுவப்பட்டது.

பிற்காலப் பரம் கணினிகள்

டிரான்சிபியூட்டர் தொழினுட்பம் விரைவில் வழக்கொழிந்தது. அதன் அடுத்த தலைமுறைச் சில்லு காலத்தில் வராததால் பரம் 8600 இல் இன்டெல் ஐ860 செயலிகள் சேர்க்கப்பட்டன. பரம் 9000 ஐத் தொடர்ந்து, 1998 இல் சன் நிறுவனத்தின் அல்ட்ராஸ்பார்க் செயலிகளைக் கொண்ட பரம் 10000 வந்தது. இது 100 கிகாபிளாப்சு உச்ச வேகம் உடையது.

நொடிக்கு 1 இலட்சம் கோடி கணக்குகள் (1 டெராபிளாப்சு) என்ற எல்லையைத் தொட்ட பரம் பத்மா, 2003 சூன் மாதம் வெளியான உலகின் முதல் 500 கணினிகள் பட்டியலில் 171 ஆம் இடம் பெற்றது. சி-டாக் கணினி ஒன்று அப்பட்டியலில் இடம்பெற்றது இதுவே முதன்முறை. 2008 இல் வந்த பரம் யுவா 54 டெராபிளாப்சு உச்ச வேகம் கொண்டிருந்தது. அதற்கு ஓராண்டு முன்னரே, அதே புனேயில் டாட்டா குழுமத்தின் கணிமை ஆய்வகம் கட்டிய ஏகா, 2007 நவம்பர் பட்டியலில் உலகின் நான்காம் இடத்தைப் பிடித்திருந்தது. வேகம் மட்டுமே அளவுகோலாயின் இந்தியாவின் உச்சம் அதுவே எனலாம்.

2002–2003 அளவில் மும்பை தேசிய மென்பொருள் தொழினுட்ப மையம், திருவனந்தபுரம் மின்னணு ஆய்வு, வளர்ச்சி மையம் உள்ளிட்ட நிறுவனங்கள் சி-டாக்குடன் இணைக்கப்பட்டன. இதன் பின்னர் இது பல நகரங்களில் கிளைகள் உடைய பெரிய நிறுவனமாக மாறியது. சென்னைக் கிளை, பாஸ் எனப்படும் இந்திய மொழிகளுக்கான லினக்சு இயங்குதளத்தை உருவாக்கியது.

வெள்ளி விழா

மையத்தின் 25 ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி 2013 பெப்ரவரியில் பரம் யுவா 2 வெளியிடப்பட்டது. 524 டெராபிளாப்சு உச்ச வேகம் கொண்ட இதனை 16 கோடி ரூபாய்ச் செலவில் மூன்று மாதங்களில் கட்டி முடித்தனர். பழைய யுவா போலப் பத்து மடங்கு வேகம் இருந்தும், அதைவிட ஏறத்தாழ 35 விழுக்காடு குறைவான மின்சாரமே இதற்குத் தேவைப்பட்டது. செயலிகளுக்குத் துணையாக முடுக்கிகளைச் சேர்த்ததே இதற்குக் காரணம். 2013 சூன் பட்டியலில் இது 69 ஆம் இடம் பெற்றது.

வெள்ளி விழாக் கணினியைப் பற்றிய செய்திகளில் வேகமும் தர எண்ணுமே முதன்மை பெற்றன. 2013 இல் உலகின் முதலிடக் கணினியான சீனத்தின் தியான்கே-2, பரம் யுவா 2 ஐப் போல ஏறத்தாழ நூறு மடங்கு உச்ச வேகம் உடையதாக இருந்தது.  இடைவெளி இவ்வளவு விரிந்ததற்கு, இந்தியாவில் ஒவ்வொரு பரம் கணினியும் தனித்தனித் திட்டமாக நிதி பெற்று, முடிந்தபின் பல ஆண்டுகள் அடுத்த நிதிக்குக் காத்திருந்தது ஒரு முக்கியக் காரணம். பத்மாவுக்கும் யுவாவுக்கும் இடையே ஐந்தாண்டுகள், யுவாவுக்கும் அதன் இரண்டாம் பதிப்புக்கும் இடையே மேலும் ஐந்தாண்டுகள் கழிந்தன. கணினித் துறையில் ஐந்தாண்டு என்பது ஒரு முழுத் தலைமுறையினும் அதிகம்.

இந்திய மொழிக் கணிமையும் தமிழும்

மீத்திறன் கணினியை விட அதிகமான தமிழர்களைத் தொட்ட சி-டாக் பணி இதுவே. கான்பூர் இந்திய தொழினுட்பக் கழகத்தில் 1980களில் தொடங்கிய கிஸ்ட் என்ற இந்திய எழுத்துத் தொழினுட்பம், அதனை உருவாக்கிய குழுவினருடன் 1988 இல் சி-டாக்குக்கு மாறியது. கிஸ்ட் அட்டை ஒன்றைச் செருகினால், டாஸ் இயங்குதளத்தில் ஓடிய சாதாரணக் கணினியிலும் தமிழ், இந்தி, வங்காளம் முதலிய எழுத்துகளைத் திரையில் காணலாம். தொலைக்காட்சித் துணைத்தலைப்புகளுக்கும் இத்தொழினுட்பம் பயன்பட்டது.

இதன் அடிப்படையாக இருந்தது இஸ்கி குறியேற்றம். 1991 இல் இந்தியத் தர நிறுவனம் இதனை ஐ.எஸ். 13194 என்ற தரமாக ஏற்றது. பிராமியிலிருந்து வந்த இந்திய எழுத்துகள் அனைத்தும் ஒரே ஒலியமைப்பு உடையவை. ஆகவே ஒரே அட்டவணையில் எல்லா மொழிகளையும் அடக்கிவிடலாம் என்பது இதன் கருத்து. ஒரு மொழியில் எழுதியதை மற்றொரு மொழியின் எழுத்தில் ஒரு விசையைத் தட்டி மாற்ற இது வழிசெய்தது. பொறியியல் நோக்கில் அழகான தீர்வு. ஆனால் அட்டவணையின் அளவு தேவநாகரிக்கு வெட்டப்பட்டது. வருக்க எழுத்துகள் இல்லாத தமிழில் பல இடங்கள் வெறுமையாகவே நின்றன.

ஒருங்குறிக் கூட்டமைப்பு 1991 இல் முதற்பதிப்பை வெளியிட்டபோது இஸ்கியின் 1988 ஆம் ஆண்டு வடிவத்தையே இந்திய எழுத்துகளுக்கு அடிப்படையாகக் கொண்டது. அவ்வகையில் இஸ்கியின் முடிவுகள் உலகத் தரமாயின. அவற்றின் விளைவுகளைத் தமிழில் நிரல் எழுதுவோர் இன்றும் எதிர்கொள்கின்றனர்.

தமிழ் இலக்கணத்தில் மெய்யெழுத்தே அடிப்படை, அதனுடன் உயிர் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது. ஒருங்குறியில் 'க' அடிப்படை. அதனுடன் புள்ளியைச் சேர்த்தால்தான் 'க்' கிடைக்கும். எனவே 'க்' என்னும் ஓரெழுத்தைக் கணினி இரண்டு குறிகளாகச் சேமிக்கிறது. பரவலாகப் பயன்படும் யுடிஎப்-8 முறையில் அது ஆறு பைட்டுகளை எடுத்துக்கொள்கிறது. அகரவரிசைப்படுத்தலிலும் சிக்கல் உண்டு. ஒருங்குறி அட்டவணையில் 'ர' வுக்கு அடுத்து 'ற' வும், 'ந' வுக்கு அடுத்து 'ன' வும் வருகின்றன. குறியெண் வரிசையில் அடுக்கினால் மரம், மறம், மலர் என வரும். தமிழ் அகராதி வரிசையோ மரம், மலர், மறம் என்பதாகும். ஒவ்வொரு மென்பொருளிலும் இதற்கெனத் தனி விதிகள் சேர்க்க வேண்டியுள்ளது.

இக்குறைகளை முன்வைத்துத் தமிழின் எல்லா எழுத்துகளுக்கும் தனியிடம் தரும் டேஸ்-16 என்ற அனைத்தெழுத்துக் குறியேற்றம் உருவாக்கப்பட்டது. 2010 சூனில் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோது தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாகவும், டேஸ்-16 ஐ மாற்றுத் தரமாகவும் அறிவித்தது. நடைமுறையில் ஒருங்குறியே நிலைத்துவிட்டது. இஸ்கி தவறானது என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் 1988 இல் அது இருந்திராவிட்டால், தனித்தனி எழுத்துரு நிறுவனங்களின் ஒத்திசையாக் குறியேற்றங்களிலிருந்து ஒருங்குறிக்கு எந்த அடிப்படை கிடைத்திருக்கும் என்ற கேள்வியும் எழுகிறது. பிழை, தமிழ் அறிஞர்களின் கருத்து அட்டவணைக்குள் வருமுன்பே அது உலகத் தரமாகிவிட்டதில் இருக்கிறது.

2005 ஏப்ரலில் தமிழ் எழுத்துருக்கள், அலுவலகச் செயலி, உலாவி முதலியவை அடங்கிய குறுவட்டு ஒன்றைச் சி-டாக் வழியாக நடுவண் அரசு இலவசமாக வெளியிட்டது. இணைய இணைப்பு மெதுவாக இருந்த அக்காலத்தில் சிற்றூர்களில் உள்ளோருக்கு இது பயனளித்தது.

தேசிய மீக்கணிமைத் திட்டமும் பரம் பொருளும்

2015 இல் நடுவண் அரசு 4500 கோடி ரூபாய் மதிப்பில் தேசிய மீக்கணிமைத் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. ஏழு ஆண்டுகளில் 70க்கும் மேற்பட்ட கணினிகளை நிறுவுவது நோக்கம். சி-டாக்கும் இந்திய அறிவியல் கழகமும் இதனைச் செயற்படுத்துகின்றன. ஒரே இடத்தில் ஒரு பெரிய கணினி என்ற பழைய முறைக்கு மாறாக, கல்வி நிறுவனங்கள்தோறும் நடுத்தரக் கணினிகளை வைத்து அவற்றை அதிவேக அறிவு வலையமைப்பால் இணைப்பது இத்திட்டத்தின் தனித்தன்மை. முதலாவதான பரம் சிவாய் 2019 இல் காசி இந்து பல்கலைக்கழக வளாகத் தொழினுட்பக் கழகத்தில் தொடங்கப்பட்டது. 2025 மார்ச்சு வரை 34 கணினிகள் நிறுவப்பட்டன. அவற்றின் மொத்த வேகம் ஏறத்தாழ 35 பெட்டாபிளாப்சு (1 பெட்டாபிளாப்சு என்பது 1000 டெராபிளாப்சு). குறித்த காலமும் எண்ணிக்கையும் எட்டப்படவில்லை என்பது இவ்வெண்களிலிருந்தே தெரிகிறது.

திருச்சிராப்பள்ளி தேசிய தொழினுட்பக் கழகம் 2020 அக்டோபரில் சி-டாக்குடன் உடன்படிக்கை செய்துகொண்டது. 2022 மே 25 அன்று பரம் பொருள் தொடங்கி வைக்கப்பட்டது. இது 838 டெராபிளாப்சு வேகம் உடையது. 1991 இன் இலக்கான 1 கிகாபிளாப்சைப் போல இது 8 இலட்சத்து 38 ஆயிரம் மடங்கு. செலவு 19 கோடி ரூபாய். மையச் செயலிக் கணுக்கள், வரைவியற் செயலிக் கணுக்கள், மிகு நினைவகக் கணுக்கள் எனப் பலவகைக் கணுக்கள் இதில் கலந்துள்ளன. சில்லுகளின் மீது நேரடியாகக் குளிர்நீர்மம் பாயும் முறையில் வெப்பம் நீக்கப்படுகிறது. திருச்சி வெயிலில் காற்றுக் குளிரூட்டலை மட்டும் நம்பினால் மின்கட்டணம் மிகுந்துவிடும் என்பதால் இது தேவையான ஏற்பாடே. நலவியல், வேளாண்மை, வானிலை, நிதிச்சேவை ஆகியவற்றுக்கான ஆய்வுகள் இதன் பயன்பாடுகளாக அறிவிக்கப்பட்டன. முகிற் கணிமை வழியாகச் சிறு, குறு நிறுவனங்களும் இதனைப் பயன்படுத்தலாம் என்று கூறப்பட்டது.

கழகம் அமைந்துள்ள துவாக்குடி, தஞ்சாவூர்ச் சாலையில் உள்ளது. பெரம்பலூர், அரியலூர் நகரங்கள் இரண்டும் இங்கிருந்து சாலைவழி ஒன்றரை மணி நேரத் தொலைவுக்குள் அமைந்தவை. இரண்டும் 1995 வரை திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அவ்வாண்டு பெரம்பலூர் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2001 இல் பிரிந்த அரியலூர், 2002 இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007 நவம்பர் 23 இல் மறுபடியும் தனி மாவட்டமானது.

வானிலை முன்கணிப்பும் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும்

நவம்பர் 23 என்ற நாள் அரியலூர் வரலாற்றில் வேறொரு காரணத்தாலும் நினைக்கப்படுகிறது. 1956 ஆம் ஆண்டு அதே நாள் விடியற்காலையில், சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விரைவுத் தொடர்வண்டி அரியலூர், கல்லகம் நிலையங்களுக்கு இடையே மருதையாற்றில் கவிழ்ந்தது. கனமழையால் ஆறு பெருகிப் பாலத்தை ஒட்டிய கரையை அரித்திருந்தது. 140க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தொடர்வண்டித் துறை அமைச்சர் லால் பகதூர் சாத்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அன்று இந்தியாவில் கணினிவழி வானிலை முன்கணிப்பு என்பதே கிடையாது. மருதையாறு பெரம்பலூர் மாவட்டத்துப் பச்சைமலை அடிவாரத்தில் தோன்றி, அரியலூர் மாவட்டம் வழியாகக் கொள்ளிடத்தில் கலக்கிறது. மேற்கே பெய்த மழை சில மணி நேரத்தில் கிழக்கே வெள்ளமாகும். எங்கே, எப்போது, எவ்வளவு மழை என்பதை முன்கூட்டி அறிவதற்கு இங்குள்ள தேவையை இதனால் உணரலாம்.

வெள்ளம் எப்போதாவது வருவது. ஆண்டுதோறும் எழும் தேவை வேளாண்மை சார்ந்தது. பெரம்பலூர் மாவட்டத்தில் மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம் ஆகியன முதன்மைப் பயிர்கள். பெரும்பகுதி மானாவாரி நிலம். செட்டிகுளம் வட்டாரம் சின்ன வெங்காயத்துக்குப் பெயர் பெற்றது. அறுவடை வேளையில் இரண்டு நாள் மழை பெய்தால் வெங்காயம் நிலத்திலேயே அழுகும், பட்டறையில் சேர்த்தாலும் நிற்காது. மூன்று நாட்களுக்கு முன் சரியான முன்கணிப்புக் கிடைத்தால் அறுவடையை முன்னோ பின்னோ தள்ளலாம்.

இத்தகைய முன்கணிப்புக்கு மீத்திறன் கணினி ஏன் வேண்டும்? வளிமண்டலத்தைக் கணினி கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, வெப்பம், ஈரப்பதம், அழுத்தம் ஆகியன சில நிமிடங்களுக்கு ஒருமுறை எவ்வாறு மாறும் எனக் கணக்கிடுகிறது. 1990களில் தில்லி மையத்தின் உலக வானிலைப் படிமத்தில் ஒரு கட்டத்தின் பக்கம் ஏறத்தாழ 150 கி.மீ. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 3700 சதுர கி.மீ. மட்டுமே. அதாவது இரு மாவட்டங்களும் சேர்ந்து ஒரு கட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. பச்சைமலையும் கொள்ளிடக் கரையும் அக்கணினிக்கு ஒரே இடமே. பின்னாளில் கட்டம் 12 கி.மீ. ஆகச் சுருங்கியபோது இவ்விரு மாவட்டங்களுக்கும் 25 கட்டங்கள் அளவில் கிடைத்தன.

2025 மே 26 அன்று 6 கி.மீ. கட்டங்களைக் கொண்ட பாரத் முன்கணிப்பு முறைமை நடைமுறைக்கு வந்தது. இதன்படி இங்கு ஏறத்தாழ 100 கட்டங்கள். கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் நான்கு மடங்காகும். கணக்கீட்டின் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆகவே வேலை எட்டு மடங்காகும். அதே நேரம், நாளைய மழையை நாளை மாலை சொல்லிப் பயனில்லை. எட்டு மடங்கு வேலையைப் பழைய நேரத்துக்குள் முடிக்க எட்டு மடங்கு வேகம் தேவை. 6 கி.மீ. கட்டமும் ஓர் ஊருக்கு மேல் கவியும் இடிமழை முகிலைத் தனியே காட்டப் போதாது என்பதையும் குறிப்பிட வேண்டும்.

இம்முன்கணிப்பைச் செய்யும் கணினிகள் பரம் வரிசையைச் சேர்ந்தவை அல்ல. 2018 இல் புனே, நொய்டா நகரங்களில் நிறுவப்பட்ட பிரத்யுஷ், மிகிர் ஆகிய இரண்டும் கிரே நிறுவனத் தயாரிப்புகள். 1987 இல் மறுக்கப்பட்ட அதே நிறுவனம், முப்பதாண்டுகள் கழித்தும் இந்திய மழையைக் கணித்துக்கொண்டிருந்தது. 2024 செப்டம்பர் 26 அன்று அர்கா, அருணிகா என்ற புதிய வானிலைக் கணினிகள் தொடங்கப்பட்டன. அர்காவின் வேகம் 11.77 பெட்டாபிளாப்சு, அருணிகாவின் வேகம் 8.24 பெட்டாபிளாப்சு. இவையும் ஐரோப்பிய நிறுவனம் ஒன்றிடமிருந்து பெறப்பட்டவை. அதே நாளில் புனே, தில்லி, கொல்கத்தா நகரங்களில் சி-டாக்கின் பரம் ருத்ரா கணினிகள் மூன்றும் தொடங்கப்பட்டன. ஆனால் அவை அடிப்படை அறிவியல் ஆய்வுக்கானவை.

2024 அக்டோபரில் ஊராட்சி அளவிலான வானிலை முன்கணிப்பை நடுவண் அரசு தொடங்கியது. 2019 முதல் மேகதூத் என்ற கைப்பேசிச் செயலி மாவட்டவாரியான வேளாண் வானிலை அறிவுரையைத் தமிழிலும் தருகிறது. கட்டம் சுருங்கியதன் பயன் உழவருக்குச் சென்று சேரும் இறுதிப்படி இதுவே. இங்கு தேவைப்படுவன மழைமானிகளும், தானியங்கி வானிலை நிலையங்களும், வட்டார வழக்கில் சுருக்கமாக எழுதத் தெரிந்தவர்களுமே.

தற்சார்பு

பரம் கணினிகள் உள்நாட்டுக் கணினிகள் என அழைக்கப்படுகின்றன. வடிவமைப்பு, ஒருங்கிணைப்பு, மென்பொருள் ஆகியவற்றைப் பொறுத்து இது சரியே. செயலிகளைப் பொறுத்தவரை டிரான்சிபியூட்டர் முதல் இன்றைய இன்டெல் செயலிகள் வரை அனைத்தும் வெளிநாட்டினவே. ருத்ரா என்ற வழங்கித் தாய்ப்பலகையும், திரிநேத்ரா என்ற இணைப்பு வலையமைப்பும் அண்மைக்காலத்தில் சி-டாக் வடிவமைத்தவை. திருவனந்தபுரம் கிளை வேகா என்ற நுண்செயலி வரிசையை உருவாக்கியுள்ளது. எனினும் இது மீத்திறன் கணினிக்கு ஏற்ற அளவினது அன்று. 1988 இல் மையம் தொடங்கக் காரணமான ஏற்றுமதிக் கட்டுப்பாடு, இன்று வரைவியற் செயலிகளின் ஏற்றுமதி விதிகள் வடிவில் உலக அளவில் மீண்டும் பேசுபொருளாகியுள்ளது.

தமிழ்நாட்டின் பிற மீத்திறன் கணினிகள்

பரம் பொருளுக்கு முன்னரே தமிழ்நாட்டில் சி-டாக் சாராத மீத்திறன் கணினிகள் இருந்தன. சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் கழகம், இமயமலைச் சிகரம் ஒன்றின் பெயரால் கப்ரு என்ற கணினிக் கொத்தைத் தானே கட்டியது. குவார்க்குகளின் இடைவினையைக் கணிக்கும் கோட்பாட்டு இயற்பியல் ஆய்வுக்காகச் செய்யப்பட்ட இது, 1 டெராபிளாப்சு அளவு வேகத்துடன் 2004 சூன் மாத உலகப் பட்டியலில் இடம்பெற்றது. சென்னை இந்திய தொழினுட்பக் கழகத்தில் 2012 இல் ஐபிஎம் நிறுவன உதவியுடன் விர்கோ என்ற 97 டெராபிளாப்சுக் கணினி நிறுவப்பட்டது.